மலை ஓவியத்தில் முதலில் ஆளைத் தேடுங்கள்

டர்பனில் நம்மவர் வீட்டுக் கூடங்களில் தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பெர்க் மலைத்தொடரின் ஓவியம் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு நகராமல், இரண்டு நிமிடம் அதன் முன்னால் நில்லுங்கள்.

முதலில் அதில் மனிதனோ குடிசையோ மாடோ இருக்கிறதா என்று தேடுங்கள். எறும்பளவு ஓர் ஆள் தெரிந்தால், மலையின் பிரம்மாண்டத்தை நமக்கு உணர்த்தவே ஓவியர் அவரை அங்கே வைத்திருப்பார். ஆளே இல்லையென்றால், அந்தத் தனிமையில் நிற்பது நீங்கள்தான். ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் 1818 வாக்கில் வரைந்த பனிமூட்ட மலைக்காட்சியில் ஒருவர் முதுகைக் காட்டி நிற்பார். முகம் தெரியாததால் அவர் இடத்தில் நாமே போய் நின்றுவிடுகிறோம். எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது.

அப்புறம் நிறம். தூரத்து மலை நீலமாக வெளிறிப்போவது நமக்கும் மலைக்கும் இடையில் உள்ள காற்றால் வருவது. அதை வைத்தே ஆழத்தை அளக்கலாம். டிராகன்ஸ்பெர்க்கில் மேலே கருத்த எரிமலைப் பாறை, கீழே வெளிர் மணற்கல். ஓவியர் இதைப் பிரித்துக் காட்டியிருந்தால் உன்னிப்பாகப் பார்த்து வரைந்தவர் என்று நம்பலாம். புல் பழுப்பாக இருந்தால் குளிர்காலம். பச்சைப் புல்லும் இடிமேகமும் என்றால் கோடைப் பிற்பகல்.

சூலு மொழியில் இந்த மலைக்கு உகஹ்லாம்பா, ஈட்டிகளின் அரண் என்று பெயர். சிகரங்களை ஓவியர் ஈட்டி போலக் கூராக்கியிருக்கிறாரா, மழுக்கியிருக்கிறாரா என்றும் பாருங்கள். அவருக்கு மலைமேல் இருந்தது பயமா பாசமா என்பது பெரும்பாலும் அங்கேதான் தெரியும்.