நோயாளி தண்ணீர் கேட்டால் கொடுக்கலாமா? புதிய நர்சிங் உதவியாளர்களுக்கான வழிகாட்டி

"தாகமா இருக்கு, கொஞ்சம் தண்ணி குடும்மா." வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஏதாவது ஒரு கட்டிலிலிருந்து இந்தக் குரல் வரும். சளி, காய்ச்சலோடு பொது வார்டில் படுத்திருப்பவருக்குப் பெரும்பாலும் தாராளமாகக் கொடுக்கலாம். காலையில் ஆபரேஷனுக்குப் போகிறவருக்குக் கொடுத்தால் ஆபத்து. டயாலிசிஸ் நோயாளிக்கு அளந்துதான் கொடுக்க வேண்டும். எந்த இடம், அங்கே எந்த வகைக் கவனிப்பு என்று தெரியாமல் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்க முடியாது. அதனால் படுக்கை விரிப்பு மாற்றப் பழகும் முன்பே இதைப் பழகிக்கொள்ளுங்கள்.

படி 1: எந்த இடத்தில் நிற்கிறீர்கள்?

தமிழ்நாட்டு அரசு அமைப்பின் அடித்தளம் துணை சுகாதார நிலையம். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு; கிராம சுகாதார செவிலியர் அங்கே இருப்பார். அதற்கு மேலே சுமார் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், பிறகு வட்ட மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மேலே போகப் போக நோயின் தீவிரம் கூடும். உதவியாளர்களுக்கு அதிக வேலை கிடைப்பது தனியார் மருத்துவமனை, டயாலிசிஸ் மையம், முதியோர் இல்லம், நோயாளியின் வீடு ஆகிய இடங்களில்தான்.

படி 2: கவனிப்பின் நோக்கம் என்ன?

உடனடி சிகிச்சை: அவசரப் பிரிவு, அறுவை சிகிச்சை வார்டு, ஐ.சி.யூ. எல்லாம் இதில் சேரும். ஆபரேஷனுக்கு முன் வயிறு காலியாக இருக்க வேண்டும். மயக்க மருந்து கொடுத்ததும் இருமலும் விழுங்கலும் நின்றுவிடும்; வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம். பொதுவாகத் திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பும் வெறும் தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்துவார்கள். உங்கள் வார்டில் சொல்லும் நேரமே உங்களுக்குக் கணக்கு. தவறு பெரும்பாலும் காபியில்தான் நடக்கும். "காபிதானே" என்று உறவினர் கொடுத்துவிடுவார். பால் கலந்த காபி தண்ணீர்க் கணக்கில் வராது, உணவுக் கணக்கில்தான் வரும். அப்படி நடந்துவிட்டால் மறைக்காதீர்கள். என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். ஆபரேஷன் சில மணி நேரம் தள்ளிப்போகும், உயிர் தப்பும்.

நாள்பட்ட நோய்க் கவனிப்பு: டயாலிசிஸ் நோயாளிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு திரவம் என்பதை மருத்துவர் எழுதியிருப்பார். ரசம், மோர், கஞ்சி, ஐஸ் கட்டி எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். அன்றைய அளவை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்து, டீயோ ரசமோ குடிக்கும்போதெல்லாம் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து குறைத்துவிடுவது எளிய வழி. "உடம்புக்கு நல்லது" என்று இளநீர் வாங்கி வருவார்கள். அதில் பொட்டாசியம் அதிகம், பழுதான சிறுநீரகம் அதை வெளியேற்றாது, இதயத் துடிப்பே தடுமாறும். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த இடம்) போட்ட கையில் பி.பி. பார்க்கவும் கூடாது, ரத்தம் எடுக்க நீட்டச் சொல்லவும் கூடாது.

மறுவாழ்வுக் கவனிப்பு: பக்கவாதம் வந்தவருக்கு, விழுங்க முடிகிறதா என்று நர்ஸோ மருத்துவரோ பரிசோதிக்கும் வரை வாய்வழியாக எதுவும் கிடையாது. அனுமதி கிடைத்த பிறகும் நிமிர்த்தி உட்கார வைத்துச் சிறு வாயாகக் கொடுங்கள். இருமினாலோ, குரல் கரகரவென்று ஈரமாக ஒலித்தாலோ நிறுத்துங்கள். டம்ளரை அவரே பிடிக்க முயன்றால் விடுங்கள். எல்லாவற்றையும் நாமே செய்து கொடுத்தால் கை பழகாது. சட்டை போடும்போது செயலிழந்த கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு விலகிவிடலாம்.

வலிநிவாரணக் கவனிப்பு: பேலியேட்டிவ் கேர் என்று சொல்வார்கள். நோயைக் குணமாக்குவதைவிட வலியும் வேதனையும் இல்லாமல் பார்த்துக்கொள்வதே இங்கே நோக்கம். இறுதி நாட்களில் விழுங்க முடியாதவருக்குத் தண்ணீரைப் புகட்ட முயன்றால் மூச்சுத் திணறும். நனைத்த பஞ்சால் உதட்டையும் வாயையும் ஈரமாக்கினால் தாகம் தணியும். "தண்ணிகூடக் கொடுக்கலையே" என்று குடும்பம் கலங்கும். அந்தப் பஞ்சை அவர்கள் கையிலேயே கொடுத்து நனைக்கச் சொல்லுங்கள்.

படி 3: டியூட்டி ஏற்கும்போது கேட்க வேண்டியவை

முந்தைய ஷிஃப்ட் ஆள் கிளம்பும் முன் ஒவ்வொரு கட்டிலுக்கும் இவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: வாய்வழி கொடுக்கலாமா, அளவு உண்டா, தானாக எழுந்து நடப்பாரா, எந்தெந்தக் குழாய் போட்டிருக்கிறது, எதற்கு உடனே கூப்பிட வேண்டும். சந்தேகம் தீரும் வரை "சிஸ்டரைக் கேட்டுட்டு வரேன்" என்பதே நோயாளிக்குச் சரியான பதில். ஊசி போடுவது, மருந்தின் அளவை மாற்றுவது, ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்) போடுவது எதுவும் உங்கள் வேலை அல்ல, யார் அவசரப்படுத்தினாலும்.

படி 4: வீட்டு டியூட்டி

இதுதான் கடினமானது, ஏனென்றால் பக்கத்தில் நர்ஸ் இல்லை. தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை, பிசியோதெரபி, வலிநிவாரணக் கவனிப்பு ஆகியவை வீட்டுக்கே வருகின்றன. ஆனால் அந்தக் குழு வந்து போன பிறகு மீதி நேரம் முழுவதும் நோயாளி உங்கள் பொறுப்பில்தான்.

படுத்த படுக்கையாக இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள். வால் எலும்பு, குதிகால், இடுப்பு ஓரம் ஆகியவற்றைத் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தும்போது வெளுக்கவில்லை என்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது; அங்கே எண்ணெய் தேய்த்து அழுத்தினால் இன்னும் கெடும். யூரின் பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையைத் தொடக் கூடாது. சிறுநீர் இறங்கவில்லை என்றால் முதலில் குழாய் மடிந்திருக்கிறதா, உடம்புக்கடியில் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சரிசெய்தும் இறங்காவிட்டால் நர்ஸுக்குப் போன் செய்யுங்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ, வாய் கோணினாலோ, கூப்பிட்டால் பதில் இல்லையென்றாலோ முதல் அழைப்பு 108க்கு, அடுத்ததுதான் குடும்பத்துக்கு.

ஒரு நோட்டு வையுங்கள். நேரம், குடித்தது எத்தனை மி.லி., சிறுநீர் எத்தனை மி.லி., எந்தப் பக்கம் திருப்பினீர்கள் என்று எழுதுங்கள். அந்த வீட்டு டம்ளரில் எத்தனை மி.லி. பிடிக்கும் என்று முதல் நாளே அளந்து, நோட்டின் முதல் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.