பழைய ஆயில் பெயின்டிங்கா? முதல்ல யூவி டார்ச் அடிச்சுப் பாருங்க

கையில இருக்குற ஆயில் பெயின்டிங் நிஜமாவே பழசான்னு சந்தேகமா இருந்தா, ஒரு 365 நானோமீட்டர் யூவி டார்ச் எடுத்து ரூமை நல்லா இருட்டாக்கிட்டு அடிச்சுப் பாருங்க (யூவி கண்ணாடி போட்டுக்கோங்க, கண்ணு முக்கியம்). பழைய இயற்கைப் பிசின் வார்னிஷ் பச்சை கலந்த மஞ்சளா ஒளிரும், பின்னாடி யாராவது டச்சப் பண்ணியிருந்தா அந்த இடம் பெரும்பாலும் கருப்புத் திட்டா தெரியும்.

ஆனா வயசு சொல்றது நிறமிதான். டைட்டானியம் வெள்ளை 1920 வாக்குலதான் ஓவியர்கள் கைக்கே வந்துச்சு, அதனால 1850ல வரைஞ்சதா சொல்ற படத்துல எக்ஸ்ஆர்எஃப் மெஷின் (எக்ஸ்-ரே அடிச்சு பெயின்ட்ல என்னென்ன தனிமம் இருக்குன்னு காட்டுறது) டைட்டானியம் காட்டுச்சுன்னா இடிக்குதுல்ல? உடனே போலின்னு குதிச்சிடாதீங்க, அது டச்சப் பண்ண இடமா கூட இருக்கலாம், அதான் யூவில கருப்பா தெரியாத இடமா பாத்து டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, பெயின்ட்ட சுரண்ட வேண்டியதும் இல்ல. ப்ரஷ்யன் ப்ளூவும் அப்படித்தான், 1700களோட தொடக்கத்துல பெர்லின்ல கண்டுபிடிச்சது, 1650 படத்துல அதுக்கு என்ன வேலை?

பெயின்ட்ல இருக்குற வெடிப்பைப் பாத்து மட்டும் பழசுன்னு நம்பவே நம்பாதீங்க. ஹான் வான் மீகெரன்ங்கிற போலி ஓவியர் பெயின்ட்ல பேக்லைட்ங்கிற பிளாஸ்டிக்கைக் கலந்து, ஓவன்ல சுட்டு, வெடிப்பும் வரவச்சே, 17ம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீர் வரைஞ்சதுன்னு வித்தாரு.