வதந்தியை மறுக்கப் போய் வதந்தியையே பரப்பாதீர்கள்

மழை வலுத்தால் போதும், முல்லைப்பெரியாறு அணை உடைந்துவிட்டது என்று கேரளத்தின் குமுளி, வண்டிப்பெரியாறு பக்கத்து எஸ்டேட் லயங்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) வாட்ஸ்அப்பில் வதந்தி வந்துவிடும். அதை மறுத்து எழுத இந்த முறை புதிதாகச் சில தம்பி தங்கைகள் சேர்ந்திருக்கிறார்கள். அக்கறையுள்ள பிள்ளைகள். ஆனால் வதந்திகளை மறுக்கும் எங்கள் குழு தொடங்கிய காலத்தில் நடந்த தவறுகளே திரும்ப நடக்கின்றன. பார்க்காமல் ஃபார்வர்டு செய்யக்கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அதைத் தாண்டியவற்றை மட்டும் சொல்கிறேன்.

வதந்தி வீடியோவையே போட்டு 'பொய்' என்று எழுதுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். ஒரு தம்பி, அணை ஷட்டர்களில் வெள்ளம் சீறிப் பாயும் வீடியோவை எடுத்து, கீழே "இது பொய், யாரும் நம்ப வேண்டாம்" என்று எழுதிப் பல குழுக்களில் போட்டான். அடுத்து அனுப்பியவர்கள் வீடியோவை மட்டும் அனுப்பினார்கள். அவன் எழுதிய வரி உதிர்ந்துவிட்டது. இரவுக்குள் அது அவனுடைய லயத்துக்கே திரும்பி வந்தது. பக்கத்து வீட்டு அக்கா ரேஷன் கார்டையும் பிள்ளையின் சர்டிபிகேட்டுகளையும் பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு, மேட்டு லயத்துத் திண்ணையில் விடிய விடிய நனைந்தபடி உட்கார்ந்திருந்தார். மறுநாள் வேலைக்குப் போக முடியவில்லை, கூலியும் போனது.

இந்தப் பயத்தின் விலை கூலியோடு நிற்பதில்லை. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே அணை விவகாரம் முற்றியபோது குமுளி எல்லையில் மோதல் வந்தது, இடுக்கித் தோட்டங்களில் இருந்து தமிழ்க் குடும்பங்கள் தேனிப் பக்கம் கிளம்பிப் போயின. அந்த நினைவு உள்ள ஊரில் ஒரு பொய் வீடியோ பக்கத்து வீட்டுக்காரரையே சந்தேகப்பட வைக்கும். அப்புறம் வார்டு கூட்டத்தில் தண்ணீர், ரோடு, வீடு பற்றிக் கேட்க வேண்டியவர்கள் தமிழர், மலையாளி என்று பிரிந்து நிற்பார்கள்.

சரி, எப்படி மறுப்பது? வீடியோவைத் தொடவே வேண்டாம். அதிலிருந்து ஒரு காட்சியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதன் மேலேயே பெரிதாகக் குறுக்குக் கோடு போடுங்கள். உண்மையையும் படத்துக்குள்ளேயே எழுதுங்கள், அப்போது யாராலும் பிரித்தெடுக்க முடியாது. முதல் வரி உண்மையாக இருக்கட்டும்: இன்றைய நீர்மட்டம், பார்த்த தேதி, நேரம். உச்ச நீதிமன்றம் 2014-இல் அனுமதித்த மட்டம் 142 அடி என்பதையும் சேர்த்தால், படிப்பவர் தானே ஒப்பிட்டுக்கொள்வார்.

அணையைத் தெரிந்துவைத்துக்கொள்வதும் உதவும். முல்லைப்பெரியாறு 1895-இல் சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் பொடி) சேர்த்துக் கட்டிய கல் அணை. உபரிநீர் போகும் 13 ஷட்டர்களும் பிரதான அணைச் சுவரில் இல்லை, தள்ளித் தனியாக இருக்கின்றன. பெரிய சுவரின் நடுவே ஷட்டர் வரிசை தெரிந்தால் அது வேறு அணை.

குரல் பதிவை நம்புவது

"கலெக்டர் ஆபீஸில் இருக்கிற அண்ணன் சொன்னார்" என்று தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள்.

இரட்டை அம்புக்குறியைக் கவனிக்காதது

வாட்ஸ்அப் செய்தியின் மேலே அந்தக் குறி இருந்தால், செய்தி குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது என்று அர்த்தம். 2020 ஏப்ரலில் இருந்து அதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். அந்தத் தடையைத் தாண்ட, டவுன்லோடு செய்து புதிதாக அனுப்புகிறவர்களும் உண்டு. குறி இல்லை என்பதால் மட்டும் நம்பிவிடாதீர்கள்.

சட்டத்தைக் காட்டி மிரட்டுவது

பயந்துபோய் அனுப்பிய பாட்டியிடம் "66ஏ-யில் உள்ளே போவீர்கள்" என்று சொல்லக்கூடாது. ஆன்லைன் பதிவுக்காகக் கைது செய்யப் பயன்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை 2015 மார்ச்சிலேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. 2020 நவம்பரில் கேரள அரசு போலீஸ் சட்டத்தில் அவதூறுப் பதிவுகளுக்குத் தண்டனை தரும் 118ஏ பிரிவைச் சேர்த்து, கடும் எதிர்ப்பு வந்ததும் சில நாளிலேயே பின்வாங்கியது. மிரட்டினால் அடுத்த முறை சந்தேகம் கேட்கக்கூட அவர் உங்களிடம் வரமாட்டார்.

அட்மின் மட்டும் பேசலாம் என்று குழுவைப் பூட்டுவது

வேண்டாம். கேள்வி கேட்கும் வாயை அடைத்தால் வதந்தி வேறு குழுவுக்குப் போகும்.

அரசு அறிவிப்பு தமிழில் வரும் என்று சும்மா காத்திருப்பது

எச்சரிக்கை மலையாளத்தில் வருகிறது, தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் அடுத்தவர் ஃபார்வர்டுக்காகக் காத்திருக்கிறார்கள். அந்த இடைவெளியில்தான் வதந்தி நுழைகிறது. கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி இங்குள்ள தமிழர்கள் அரசுக்குத் தமிழில் எழுதலாம், தமிழில் பதிலும் பெறலாம். அடுத்த கிராமசபையில் இதையே கேளுங்கள்: நீர்மட்டமும் ஷட்டர் திறக்கும் நேரமும் தமிழிலும் வேண்டும். எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள்.