சுவரில் ஒட்டிய சீட்டை எப்படிப் படிப்பது: 'டைடி அப்' முதல் 'கிளியர் அவுட்' வரை

ஆங்கிலம் பேசும் நாட்டுக்குக் குடிபெயர்ந்தால், வங்கிக் கணக்கு, வரி எண், சிம் கார்டு எல்லாவற்றையும் வந்த வாரத்திலேயே முடித்துவிடுங்கள். எந்தப் படிவத்தை எங்கே கொடுப்பது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பகிர்ந்து தங்கும் வீட்டின் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கும் துண்டுச்சீட்டைப் படிக்கத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை. நன்றாக ஆங்கிலம் படித்தவர்களும் வழுக்கி விழுவது அங்கேதான். பள்ளியில் வினைச்சொல்லை மனப்பாடம் செய்தோம். அதன் வாலில் வரும் அப், அவுட், அவே ஆகியவற்றைச் சில்லறையென்று விட்டுவிட்டோம். இங்கே அந்தச் சில்லறைதான் செல்லும்.

'டைடி அப்' என்றால் கலைந்து கிடப்பதை ஒழுங்காக எடுத்து வைப்பது. நாற்காலியில் கிடக்கும் துணியை மடிக்க வேண்டும், மேசையில் பரவிய காகிதங்களை அடுக்க வேண்டும், அவ்வளவுதான். அழுக்கும் கறையும் போக வேண்டுமென்றால் 'கிளீன் அப்' என்பார்கள். அடுப்பை 'கிளீன் அப்' செய்யச் சொன்னால், அதன்மேல் இருக்கும் பாத்திரங்களை வரிசையாக வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள்.

என் நண்பரைக் கவிழ்த்தது 'கிளியர் அவுட்'. மாடிப்படிக்குக் கீழேயுள்ள பொது அலமாரியை வெள்ளிக்கிழமைக்குள் 'கிளியர் அவுட்' செய்யவும் என்று வீட்டு மேலாளர் எழுதி ஒட்டியிருந்தார். நண்பர் பொறுப்பான மனிதர். தட்டுகளை ஈரத்துணியால் துடைத்தார். பெட்டிகளை அளவுவாரியாக அடுக்கினார். தன் பெட்டியில் கொட்டை எழுத்தில் பெயர் எழுதி முன்வரிசையில் வைத்தார். சனிக்கிழமை அலமாரி காலி. கோட்டும் கல்லூரிச் சான்றிதழ்களும் குப்பை வண்டியோடு போய்விட்டன.

உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துக் காலி செய் என்பதுதான் அந்தச் சீட்டுக்குப் பொருள். மேலாளரிடம் கேட்டதற்கு, "எழுதித்தானே ஒட்டியிருந்தேன்" என்றார். இருக்கட்டும். பெயர் எழுதிய பெட்டியைத் தூக்கிப்போடும் முன் கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்? எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆகவே சீட்டில் 'அவுட்' கண்ணில் பட்டால், "வேலை முடிந்தபின் உள்ளே எதுவும் இருக்கலாமா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஆளைப் பார்த்து "கிளியர் அவுட்" என்றால் இடத்தைவிட்டுக் கிளம்பு என்று பொருள். அங்கே கேள்வி கேட்க நேரமிருக்காது.

'அவே' இன்னும் பொல்லாதது. 'புட் அவே' என்றால் பொருள் அதனதன் இடத்துக்குப் போக வேண்டும். 'த்ரோ அவே' என்றால் குப்பைக்கு. 'கிளியர் அப்' மட்டும் சாது. அறையை ஒழுங்குபடுத்துவதற்கும் அதுதான். மழை விட்டு வானம் வெளிவாங்கினாலும், தோல் தடிப்பு மறைந்தாலும், மனஸ்தாபம் தீர்ந்தாலும் அதுதான்.

அலுவலகத்தில் அறிக்கையைக் கொடுத்து 'டைடி அப்' செய்யச் சொன்னால் எழுத்துப்பிழை, வரி இடைவெளி, தலைப்புகளின் ஒழுங்கு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க உட்கார்ந்து புதிதாக எழுதிக்கொடுத்தால் பாராட்டு கிடைக்காது, முகம்தான் சுளிக்கும். பேசும்போது ஒரு விதி: இந்தச் சொற்களில் 'இட்' எப்போதும் நடுவில் வரும். 'டைடி இட் அப்' சரி, 'டைடி அப் இட்' தவறு. அறை, மேசை என்று பெயரைச் சொல்வதானால் நடுவிலும் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம்.

அமெரிக்கர்கள் அறையை 'பிக் அப்' செய்யச் சொன்னால் தூக்கச் சொல்லவில்லை, ஒழுங்குபடுத்தச் சொல்கிறார்கள். அவர்கள் 'வாஷ் அப்' என்றால் கையும் முகமும் கழுவ வேண்டும். பிரிட்டனில் அதே சொல்லுக்குப் பாத்திரம் கழுவ வேண்டும். விருந்துக்குப் போன வீட்டில் சந்தேகம் வந்தால், சிங்க்கில் ஏதாவது கிடக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.