பார்க் வருதுன்னு பேப்பர்ல போட்டா பார்க் வந்துருமா?

"இன்னாபா, நம்ம ஏரியாவுக்கு பார்க் வருதாமே, பேப்பர்ல போட்டுக்கீறான் பாத்தியா"ன்னு டீக்கடைல யாராச்சும் கேட்டா இப்பல்லாம் நான் திருப்பிக் கேக்கறது ஒண்ணுதான், எந்த ஸ்டேஜ்லணா இருக்கு? முன்னாடி நானும் அந்த கட்டிங்கை போட்டோ புடிச்சு தெரு வாட்ஸ்அப் குரூப்ல போட்டு கைதட்டற ஆளுதான், அதனால யாரையும் கிண்டல் பண்ணல.

வேலூர் மாநகராட்சில 60 வார்டு, 4 மண்டலம். எந்த வார்டு செய்திய எடுத்தாலும் "இத்தனை லட்சம் மதிப்பீட்டில்"னு ஒரு வார்த்தை வரும், அத படிச்சதும் காசு வந்துருச்சுன்னு நினைச்சுக்கறோம் பாருங்க, தப்பு அங்கதான் ஆரம்பிக்குது. மதிப்பீடுன்னா எஸ்டிமேட், அவ்ளோதான். அதுக்கப்புறம் மாமன்றத்துல தீர்மானம், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், ஒர்க் ஆர்டர்னு வரிசையா இருக்கு, ஒர்க் ஆர்டர் கைக்கு வந்தப்புறம்தான் ஜேசிபி தெருவுக்குள்ள வரும். நடுவுல எங்க வேணா நின்னு போலாம். தமிழ்நாடு அரசோட டெண்டர் வெப்சைட்ல போய் பாத்தீங்கன்னா டெண்டர் விட்டாங்களான்னு வீட்ல உக்காந்தே தெரிஞ்சிரும், காசு கட்ட வேணாம்.

பட்ஜெட் விஷயத்துல கூட்டுத் தொகைய மட்டும் பாத்துட்டு "இத்தனை கோடி இருக்கு, நம்ம தெருவுக்கு ஒரு லைட்டு போட முடியாதா"ன்னு கேக்கறது வழக்கம். நம்ம ஊரு மாநகராட்சிங்க பட்ஜெட்டு பெரும்பாலும் மூணு நிதியா பிரிச்சுதான் இருக்கும், வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதின்னு. ஒரு நிதில மிச்சம் இருந்தா அத நினைச்சப்போ தூக்கி இன்னொண்ணுல போட முடியாது. இந்த வருஷ ஒதுக்கீட்டை விட போன வருஷ திருத்திய மதிப்பீட்டை பாருங்க, மொதல்ல எவ்ளோ சொன்னாங்க, அப்புறம் எவ்ளோவா மாத்துனாங்கன்னு அங்கதான் உண்மை தெரியும்.

அப்புறம் யாரோட ரோடுன்னே தெரியாம சண்டைக்கு போறது. சத்துவாச்சாரி பக்கம் பைபாஸ் சர்வீஸ் ரோட்டுல பள்ளம்னா அதுக்கு கவுன்சிலர புடிச்சு என்ன பண்றது, அது சென்னை-பெங்களூர் தேசிய நெடுஞ்சாலை. பெரிய ரோடு சிலது மாநில நெடுஞ்சாலைத் துறையோடது, அதுக்கு 'நம்ம சாலை' ஆப்ல போட்டோவோட போடலாம். கோட்டைக்குள்ள ஒரு செங்கல்ல நகத்தணும்னா கூட மத்திய தொல்லியல் துறை அனுமதி வேணும். காவிரி கூட்டுக் குடிநீர் மெயின் பைப்பு குடிநீர் வடிகால் வாரியம், அங்கேந்து நம்ம தெரு கொழாய்க்கு வர்றது மாநகராட்சி. யாருதுன்னு சத்தியமா புரியலன்னா 1100-க்கு போன் பண்ணுங்க, இல்லன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல மனு குடுங்க, எந்த துறையோ அங்க தள்ளி விடுவாங்க. மனு குடுத்தா ரசீது வாங்காம வராதீங்க.

இன்னொண்ணு, டவுனுக்குள்ள இருந்துக்கிட்டு கிராம சபை எப்ப நடக்கும்னு கேக்கறவங்க நிறைய பேரு. அது ஊராட்சிக்கு. நமக்கு வார்டு கமிட்டி, ஏரியா சபை, 2022-லயே இதுக்குன்னு விதி வந்துருச்சு. ஏரியா சபை எப்ப எங்கன்னு கவுன்சிலர கேட்டு வெச்சுக்கோங்க.

ரோடு வேலைல நாம பண்ற பெரிய தப்பு லேட்டா போறது. 2022-ல பைக்க எடுக்காமலே அதோட சேத்து சிமென்ட் ரோடு போட்ட போட்டோ நாடு முழுக்க சுத்துச்சே, அது நம்ம வேலூருதான், எல்லாரும் சிரிச்சோம். கான்கிரீட் காஞ்சதுக்கப்புறம் போயி வாசப்படிய விட ரோடு ஏறிடுச்சு, தண்ணி வீட்டுக்குள்ள வருதுன்னா ஏஇ, அதாவது உதவிப் பொறியாளர், என்ன பண்ணுவாரு பாவம். ஜல்லி வந்து எறங்கற அன்னிக்கே போய் லெவல் கேக்கணும், பழைய ரோட்ட சுரண்டிட்டுதான் மேல போடணும்னு 2021-லயே தலைமைச் செயலாளர் சொல்லியாச்சு. ஒரு சாக்பீஸ எடுத்து உங்க வீட்டு செவுத்துல இப்ப ரோடு எங்க இருக்குன்னு ஒரு கோடு போட்டு போட்டோ எடுத்து வைங்க, பேச்சே இல்லாம நிக்கற ஆதாரம் அது.

பார்க்குக்கு வருவோம். புது லேஅவுட்ல மனை வாங்கறவங்க வரைபடத்துல பச்சையா 'பூங்கா'ன்னு போட்டிருக்கறத பாத்துட்டு நிம்மதியா போயிடறாங்க. 10,000 சதுர மீட்டருக்கு மேல போற லேஅவுட்ல ரோடு போக மீதில 10 சதவீதம் திறந்தவெளியா ஒதுக்கி உள்ளாட்சிக்கு தானப்பத்திரம் எழுதிக் குடுக்கணும், 3,000-லேந்து 10,000 வரைக்கும்னா எடத்துக்கு பதிலா காசு கட்டிட்டும் போலாம். ஆக உங்க லேஅவுட்டு சின்னதுன்னா பார்க்கே இல்லாம கூட இருக்கலாம், அதுல யாரும் ஏமாத்தல. பெரிய லேஅவுட்டுன்னா அந்த சர்வே நம்பருக்கு பதிவுத்துறை வெப்சைட்ல வில்லங்கம் போட்டுப் பாருங்க, ஓசிதான். தானப்பத்திரம் பதிவாகி இருக்கணும், பட்டால உள்ளாட்சி பேரு ஏறி இருக்கணும். இது ரெண்டும் இல்லாம பத்து வருஷம் முள்ளுச்செடி மொளச்சு கெடந்தா அப்புறம் யாராச்சும் வேலி போடுவாங்க, நாம கொடி புடிச்சு நிக்கணும்.

கடைசியா ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஒரு ஆபீஸுக்கு நான் போட்ட மொத மனு இன்னும் ஞாபகம் இருக்கு, "பூங்கா வேலை ஏன் தாமதம், இது நியாயமா"ன்னு ரெண்டு பக்கம் எழுதி வயித்தெரிச்சல எல்லாம் கொட்டியிருந்தேன். பதில் ஒரே வரி, இது தகவல் என்ற வரையறைக்குள் வராது. அவங்க சொன்னது சரிதான், தப்பு என் மேல. ஏன் எதுக்குன்னு கேட்டா பதில் கெடைக்காது, நகல்தான் கேக்கணும். மதிப்பீடு நகல், ஒர்க் ஆர்டர் நகல், முடிச்ச வேலைய அளந்து எழுதி வைக்கற அளவு புத்தகம், அதாவது எம் புக் நகல், பில் நகல். 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பக்கத்துக்கு 2 ரூபா, 30 நாள்ல பதில் வரலன்னா மேல்முறையீடு.

ரெண்டாவது தடவ அப்டி கேட்டப்போ 28 ரூபாய்க்கு 14 பக்கம் வந்துச்சு. எம் புக்ல சிமென்ட் பெஞ்சு 6-ன்னு இருந்துச்சு, சாயங்காலம் போய் எண்ணிப் பாத்தேன், கரெக்டா 6 இருந்துச்சு. மரக்கன்னு எண்ண ஆரம்பிச்சு பதினொண்ணு வரைக்கும் வந்தேன், வாட்ச்மேன் டார்ச்ச அடிச்சுக்கினே வந்து "இன்னா சார் தேடற, செருப்ப வுட்டுட்டியா"ன்னாரு.