சொற்களால் வரைந்த போஸ்டர்: பார்த்துக் கருத்துச் சொல்வது எப்படி?

திருவள்ளுவர் உருவத்தைக் குறள்களாலேயே வரைந்த போஸ்டரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கொண்டை முழுக்க எழுத்து, தாடி முழுக்க எழுத்து. வடிவமைப்பு பழகும் நண்பர் ஒருவர் இப்படி ஒன்றைச் செய்து அனுப்பி "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "சூப்பர்" என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்தவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. நான் எந்த வரிசையில் பார்ப்பேன் என்று சொல்கிறேன். அந்த வள்ளுவரையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

1. எட்ட நின்று பாருங்கள்

பத்தடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். திரையில் என்றால் படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்குங்கள். முகம் தெரிகிறதா? தெரியவில்லை என்றால், பெரும்பாலும் இருட்டான இடத்துக்கும் வெளிச்சமான இடத்துக்கும் வித்தியாசம் போதவில்லை.

தமிழில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ட, ப, ம எல்லாம் திறந்த எழுத்துகள், உள்ளே வெள்ளை நிறைய இருக்கும். ண, ஞ, ணை போன்றவை சுழி சுழியாக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒரே அளவு, ஒரே தடிமன் வைத்தாலும் 'பட்டம்' வெளிறித் தெரியும், 'கண்ணன்' கறுத்துத் தெரியும். கன்னத்தில் காரணமில்லாமல் ஒரு கரும்புள்ளி இருந்தால், அங்கே எந்தச் சொல் விழுந்திருக்கிறது என்று பாருங்கள்.

2. கிட்டே போய் வாசியுங்கள்

1330 குறளையும் ஒரே படத்தில் அடக்க வேண்டும் என்பதுதான் எல்லோருக்கும் வரும் முதல் ஆசை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். குறளுக்கு 7 சீர், மொத்தம் 9310 சீர். ஏ3 தாள் 297 × 420 மி.மீ. அதில் பாதியை உருவம் எடுத்துக்கொண்டால், ஒரு சீருக்குக் கிடைப்பது 7 சதுர மி.மீ. கூட இல்லை. சிரமமில்லாமல் வாசிக்க ஒரு சீருக்குக் குறைந்தது 40 சதுர மி.மீ. வேண்டும். ஆக, அந்தத் தாடியில் இருப்பது குறள் இல்லை, குறளின் தூசி. ஒரே ஒரு அதிகாரத்தை எடுத்தால் 70 சீர்தான். தாராளமாக இடம் இருக்கும்.

3. எழுத்து உடைந்திருக்கிறதா?

இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். உருவத்தின் விளிம்பில் எழுத்துகள் வெட்டுப்படும். 'கொல்லாமை'யில் கொம்பு மட்டும் தாடிக்கு வெளியே தொங்கும். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டினால் கால் தனியே விலகி, 'கா' என்பதைக் 'கர' என்று படிக்க வேண்டியிருக்கும். சிறிய அளவில் புள்ளி மறைந்துபோய் 'கண்' வெறும் 'கண' ஆகிவிடும். வரிகளை நெருக்கினால் மேல்வரியின் 'மூ', கீழ்வரியின் புள்ளியில் வாலை வைக்கும். இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்வு செய்யாவிட்டால் கொம்பு இடம் மாறியும் விழலாம். ஒவ்வொன்றையும் வட்டமிட்டுக் காட்டுங்கள். 'எழுத்துப்பிழை இருக்கிறது' என்று பொதுவாகச் சொன்னால் அவர் எங்கே போய்த் தேடுவார்?

4. சொல்லை மாற்றிப் பாருங்கள்

என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமான கேள்வி. அந்தக் குறள்களை எடுத்துவிட்டு ஒரு மளிகைப் பட்டியலைப் போட்டாலும் படம் அப்படியே இருக்குமா? இருக்கும் என்றால், சொற்கள் வெறும் செங்கற்களாகத்தான் நிற்கின்றன.

பாட்டின் சொற்களையே ஒரு வடிவத்தில் அடுக்கும் நம் சித்திரகவிகளைப் பாருங்கள். திருஞானசம்பந்தரும் திருமங்கையாழ்வாரும் பாடிய திருவெழுகூற்றிருக்கையில் எண்கள் 1-2-1 என்றும், 1-2-3-2-1 என்றும் ஏறி இறங்கி, 7 வரை போகும். அடுக்கடுக்காக எழுதினால் தேர்த்தட்டுகள்போல் அகன்றுகொண்டே வரும். அதனால்தான் அதைத் தேர் வடிவில் எழுதுகிறார்கள். சொல்லை மாற்றினால் தேரே சரிந்துவிடும். நாகபந்தத்தில் பாம்பின் உடல் தன்னையே குறுக்கிடும் இடத்தில் இருக்கும் எழுத்து இரண்டு பக்கத்துக்கும் பொது. அங்கே வேறு எழுத்து வைக்கவே முடியாது. பிரான்சில் கவிஞர் அப்போலினேர் 1918இல் வெளியிட்ட 'காலிகிராம்' தொகுப்பில் ஒரு மழைக் கவிதை இருக்கிறது. அதன் ஐந்து வரிகளும் மேலிருந்து கீழாகச் சாய்ந்து இறங்கும். வாசிக்கும் கண்ணும் மழையோடு சேர்ந்து இறங்க வேண்டும்.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். எழுத்து முழுவதையும் ஒரே கறுப்பாக மாற்றச் சொல்லுங்கள். முகம் காணாமல் போனால், அடியில் ஒளிந்திருந்த புகைப்படம்தான் இவ்வளவு நேரம் வேலை செய்திருக்கிறது. எழுத்து வெறும் சல்லடை.

5. சொல்லும்போது

முதலில் எது சரியாக வந்திருக்கிறது என்று இடம் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். அப்புறம் குறை, அதற்கான காரணம், முயன்று பார்க்க ஒரு வழி. மூன்று நான்கு குறைகளுக்கு மேல் வேண்டாம்.

அண்மையில் ஒரு மாணவி இப்படி ஒரு வள்ளுவரை எனக்கு அனுப்பியிருந்தார். நான் எழுதியது இதுதான்: "கொண்டையில் வரிகள் சுற்றி வருவது அருமை, அதைத் தொடாதீர்கள். கண் இரண்டும் மங்கலாக இருக்கின்றன, எல்லா இடத்திலும் எழுத்து ஒரே அளவில் இருப்பதுதான் காரணம். கல்வி அதிகாரத்தை மட்டும் எடுத்துச் செய்து பாருங்கள்." இரண்டு நாளில் புதிய படம் வந்தது. 'எண்ணென்ப ஏனை எழுத்தென்ப' குறளைப் பிரித்து, ஒரு கண்ணில் 'எண்' என்றும் மறு கண்ணில் 'எழுத்து' என்றும் தடித்த எழுத்தில் வைத்திருந்தார். அந்த இரண்டு இடத்திலும் வேறு எந்தச் சொல்லையும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.