நெல்லையில் திறமூலக் குழு தொடங்குவது எப்படி? ரதவீதியிலிருந்து ஆரம்பிக்கலாம்

திறமூலம் என்றால், யாரும் பார்த்து, திருத்தி, பகிரக்கூடிய மென்பொருள். அதற்குக் கைகொடுக்க ஒரு குழு சேர்க்கப்போய், முதல் கூட்டத்தைச் சொதப்பியது நான்தான். கல்லூரிப் பிள்ளைகளை உட்கார வைத்து, 1983இல் ஸ்டால்மன் குனு என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்தது, 1991இல் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்ற இயங்குதளக் கருவை வெளியிட்டது என்று ஒன்றரை மணிநேரம் பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த வாரம் வந்தது மூன்று பேர். அதில் ஒருவன் என் தம்பி.

நம் பக்கத்துக் கோயில் கொடை விழாவை யோசித்துப் பாருங்கள். வரி பிரிக்க ஒருவர், பந்தலுக்கு ஒருவர், வில்லுப்பாட்டுக்காரர்களைக் கவனிக்க ஒருவர். சம்பளம் கிடையாது. ஆனாலும் மும்பையிலிருந்து ரயிலேறி வந்து வேலை பார்க்கிறார்கள். நானோ வேலையே கொடுக்காமல் சாமியின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

படி 1: ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலையாகப் பாருங்கள்

என் பரிந்துரை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004இல் தொடங்கிய இந்த வரைபடத்தை யாரும் திருத்தலாம், நிரல் எழுதத் தெரிய வேண்டாம். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி நான்கு ரதவீதிகள் இருக்கின்றன, ஒன்று போதும். ஆண்ட்ராய்டு போனில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலியைப் போட்டுக்கொண்டு நடந்தால், "இந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும்?", "இந்தத் தெருவில் விளக்கு உண்டா?" என்று அதுவே கேட்கும். பார்த்துப் பதில் போட வேண்டியதுதான். அந்தச் செயலியும் திறமூல மென்பொருளே. ஆர்வம் பிடித்தவர்கள் அப்புறம் அதன் நிரல் பக்கம் போகட்டும்.

பெரிய மென்பொருள் திட்டங்களுக்கு அனுப்பும் திருத்தம் சில நேரம் வாரக்கணக்கில் கிடக்கும். புதியவருக்கு அதற்குள் ஆசை விட்டுப்போகும். இங்கே, தான் சேர்த்த பெட்டிக்கடையை வீடு போய்ச் சேருமுன் வரைபடத்தில் பார்த்துவிடலாம்.

படி 2: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கணக்கை முந்தின நாளே தொடங்கச் சொல்லுங்கள்

இல்லாவிட்டால் பாதி நேரம் மின்னஞ்சல் கடவுச்சொல்லைத் தேடுவதிலேயே போகும்.

படி 3: நேரில் கூப்பிடுங்கள்

வாட்ஸ்அப்பில் "அனைவரும் வருக" என்று போட்டால் கட்டைவிரல்தான் வரும். "தெற்கு ரதவீதி உனக்குத்தான் அத்துப்படி, நீ வந்தால்தான் ஆகும்" என்று ஆளைப் பார்த்துச் சொல்லுங்கள். கடைக்காரர்களையும் விடாதீர்கள். ஒரு அண்ணாச்சி, "தம்பி, பேரைத் தப்பா அடிக்கியே, போர்டைப் பாருல" என்று ஆரம்பித்து, பக்கத்து ஐந்து கடைகளின் விவரத்தையும் சொல்லி முடித்தார். சான்றிதழ் ஆசை மட்டும் காட்டாதீர்கள். கூட்டம் வரும், வாங்கியதும் கலைந்துவிடும்.

படி 4: ஒரு நாளுக்குள் பதில் சொல்லுங்கள்

நான் அதிகம் அடிபட்டது இதில்தான். ஒரு பையன் கூகுள் மேப்பைப் பார்த்துக் கடைப் பெயர்களை ஏற்றிவிட்டான். கூகுளின் உரிமப்படி அப்படி எடுத்துப் போடக் கூடாது. கண்ணால் பார்த்ததையே பதிய வேண்டும். நான் அதை எல்லோர் முன்னாலும் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் வரவே இல்லை. விதியை முதலிலேயே சொல்லாதது என் தப்பு.

இப்போது வேறு மாதிரி செய்கிறேன். கணினியில் திருத்துகிறவர்கள் சேமிக்கும்போது, "வேறொருவர் சரிபார்க்கட்டும்" என்று கேட்க ஒரு பெட்டி உண்டு; அதை டிக் செய்யச் சொல்வேன். அன்றிரவே பார்த்து, நன்றாக இருப்பதைக் குழுவில் சொல்வேன். பிழை என்றால் தனியாகப் போன்.

படி 5: மூன்றாவது நடையை வேறொருவர் நடத்தட்டும்

பாளையங்கோட்டையா, மேலப்பாளையமா என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும். போன தடவை ஒரு மாணவி நடத்தினாள். நான் கடைசி ஆளாக நடந்தேன். இரண்டு இடத்தில் வாய் வரை வந்ததை டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.